ஆட்டுக் கொட்டகைப் பக்கம் வெள்ளைப்பூச் செடி: அப்பாவுக்குக் கண்ணிமை வீங்குகிறது, பாலும் கசக்கிறது

ஆட்டுக்காரர்மகன் (திங்கள், இரவு 9:12)

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பத்தாங் காலி பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்புறம் செம்பனைக் குலை வெட்டினார், இப்போது ஓய்வில் 22 ஆடு வைத்திருக்கிறார். பழைய லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னால்தான் கொட்டகை. போன வருஷம் அந்தப் பக்கம் மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்த்தார்கள். பாதை போட லோரி லோரியாக மண் வந்து இறங்கியது.

நாலு மாதமாக அப்பாவின் முகத்தில் சொறி. கண்ணிமை இரண்டும் தடித்து, கழுத்து கறுத்து, முழங்கை மடிப்பில் தோல் காய்ந்து வெடிக்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு கிளினிக்கில் வெக்கை என்று சொல்லி ஒரு கிரீம் கொடுத்தார்கள். பூசினால் அடங்கும், விட்டால் பழையபடி வந்துவிடும். அம்மா இது ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிவிட்டார். அப்பாவோ தோட்டத்தில் அடிக்கிற மருந்துதான் காற்றில் வருகிறது என்று கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு வந்தார்.

இன்னொன்று. பத்து வருஷமாக எங்களிடம் ஆட்டுப்பால் வாங்கும் ஒரு பாட்டி போன வாரம் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பால் கசக்குதுப்பா, ஆட்டுக்கு என்ன போடுறீங்க?” என்றார். நான் குடித்துப் பார்த்தேன். கசப்புதான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

வெளிக்காட்டு_அக்கா (திங்கள், இரவு 9:50)

தம்பி, அப்பா சொல்வதை லேசாக விடாதே. நான் 80களில் பதினோரு வருஷம் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடித்தவள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டு நகம் கழன்று விழுந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூக்கில் ரத்தம் வரும், கண் எரியும். கேட்டால் “முகத்தை மூடாமல் அடித்தாயா” என்று நம்மையே திட்டுவார்கள். 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் தடையை எடுத்தார்கள், கடைசியில் 2020 ஜனவரி ஒன்றாம் தேதிதான் முழுசாகப் போனது. இன்றைக்கு எதை அடிக்கிறார்கள் என்று முதலில் கேள்.

ஆற்றோரத்_தாத்தா (திங்கள், இரவு 10:31)

பக்கத்தில் ஆறு உண்டா? ஆற்றோரம் ரெங்காஸ் மரம் நிற்கும். அதன் பால் பட்டால் கறுப்பாகக் காய்ந்து, தோல் கொப்பளித்துவிடும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினவன் முகம் வீங்கி ஒரு வாரம் வீட்டில் கிடப்பான். பலகை மட்டும் சிவப்பாக, அழகாக இருக்கும், மேசை செய்வார்கள். ஊரில் சேங்கொட்டை என்பார்களே, வண்ணார் துணியில் குறி போடுவது, அந்தச் சாதிதான் இதுவும். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண் வருகிறதே, அதற்கும் இது பங்காளி.

பழைய_டிரஸ்ஸர் (திங்கள், இரவு 11:05)

தோட்ட ஆஸ்பத்திரியில் 31 வருஷம் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். படம் போட வேண்டாம், பதில் மட்டும் சொல்லுங்கள்.

காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழேயும் சொறி இருக்கிறதா? சட்டை மூடுகிற முதுகு, வயிறு எப்படி இருக்கிறது? கொட்டகைக்கே போகாமல் நாலைந்து நாள் வெளியூரில் தங்கினாரா? தங்கினார் என்றால் அப்போது குறைந்ததா? கடைசியாக, ஆடுகளின் உதடு, வாய்ப் பக்கம் புண் உண்டா?

தாத்தா சொன்ன ரெங்காஸ் நல்ல யோசனைதான். ஆனால் அது பால் பட்ட இடத்தில் கோடு கோடாகக் கொப்பளிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். நாலு மாதம் இழுப்பதென்றால் தினமும் எதுவோ பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆட்டுக்காரர்மகன் (செவ்வாய், மாலை 6:40)

ஐயா, கேட்டுப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் இருக்கிறது, தாடைக்குக் கீழேதான் ரொம்ப மோசம். முதுகு சுத்தமாக இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்ச் சித்தி வீட்டில் ஆறு நாள் தங்கினோம். அப்போது பாதி குறைந்தது, அம்மா அதை முருகன் அருள் என்றார். இரண்டு ஆட்டுக்கு உதட்டில் புண் இருக்கிறது.

நீங்கள் கேட்ட பிறகு கொட்டகையைச் சுற்றி நடந்து பார்த்தேன். பாதை ஓரம் முழுக்க ஒரே செடி, இடுப்புயரம். இலை உலாம் ராஜா (பச்சையாகச் சாப்பிடுவோமே, அந்தக் கீரை) மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கிறது. பூ வெள்ளை, அரிசி நொய்யைக் கொட்டினது போல. போன வருஷம் இது இல்லை என்று அடித்துச் சொல்வேன். மற்ற புல்லெல்லாம் அதைச் சுற்றி மெலிந்து கிடக்கிறது. ஆடு முதலில் ஒதுக்கும், வேறு தழை இல்லாவிட்டால் கடிக்கும்.

கரூர்_காட்டுக்காரன் (செவ்வாய், இரவு 7:15)

அண்ணே, இது பார்த்தீனியம்! எங்க ஊர் ரயில் பாதை ஓரம், ரோட்டு ஓரம், தரிசுக் காடு எல்லாம் இதுதான். வடக்கே காங்கிரஸ் புல் என்பார்கள். 1950களில் பூனா பக்கம் கண்ணில் பட்டது, அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலேசியாவிலும் வந்துவிட்டதா? எங்க பெரியப்பாவுக்கு முகம் அட்டக்கரி மாதிரி கறுத்துப் போனது இந்தச் செடியால்தான். மாடு தின்றால் பால் கசக்கும். அது எங்களுக்குப் பழைய கதை.

தாவரவியல்_டீச்சர் (செவ்வாய், இரவு 8:02)

கரூர் தம்பி சொல்வது சரியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பார்த்து உறுதிசெய்வது நல்லது. முளைத்தவுடன் இலைகள் தரையோடு தட்டுப் போலப் படர்ந்திருக்கும். பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பும், தண்டில் நீளவாக்கில் வரிகள் ஓடும், உடம்பெல்லாம் மெல்லிய சுணை. ஒரு பூவைப் பறித்து உற்றுப் பார்த்தால் (கையுறையோடு!) அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், விளிம்பில் ஐந்து மூலை துருத்திக்கொண்டு இருக்கும். மூலைக்கு ஒன்றாக ஐந்து விதை.

உலாம் ராஜா பூத்தால் இளஞ்சிவப்பு, அதனால் பூத்த பிறகு குழப்பம் வராது. பூக்காத கன்றில்தான் ஆபத்து. உலாம் என்று நினைத்துக் கிள்ளிவிடுவார்கள். வெட்டுக்காயப் பூண்டின் பூவிலும் வெள்ளை உண்டு, ஆனால் நடுவில் மஞ்சள், இலையும் இப்படிக் கிழிந்திருக்காது.

மலேசியாவில் இது 2013-ல் உங்கள் உலு சிலாங்கூர் வட்டாரத்தில்தான், பத்தாங் காலியில், முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. விவசாய இலாகா வைத்த பெயர் ரும்பாய் மியாங் மெக்சிகோ. மியாங் என்றால் மூங்கிலில் இருக்குமே, பட்டால் அரிக்கிற சுணை, அதுதான். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இதன் தாய்நிலம். அங்கே இதைத் தின்கிற பூச்சிகளும் நோய்களும் நிறைய உண்டு, அதனால் அடங்கிக் கிடக்கிறது. இங்கே தட்டிக் கேட்க ஆளில்லை.

மூலிகைப்_பித்தன் (செவ்வாய், இரவு 8:44)

எல்லாச் செடியையும் விஷம் விஷம் என்று பயமுறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் இதைக் கஷாயம் வைத்துக் காய்ச்சலுக்குக் குடிக்கிறார்கள். முள்ளை முள்ளால் எடு என்பார்கள். இலையை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிச் சொறியில் பூசிப் பாருங்கள்.

பழைய_டிரஸ்ஸர் (செவ்வாய், இரவு 9:01)

ஐயா மூலிகை, கோபம் வருகிறது, அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இந்தச் செடியில் இருக்கும் பார்த்தெனின் என்ற பொருள்தான் வில்லன். இலைச் சுணையில் இருக்கிறது, பூந்தூளில் இருக்கிறது, செடி காய்ந்து பொடியான பிறகும் இருக்கிறது. முதல் நாள் தொட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஆளுக்குச் செடிமேல் சந்தேகமே வருவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் பட்டுப் பட்டு, உடம்பின் காவல் அணுக்கள் அதை எதிரி என்று மனப்பாடம் செய்துவிடும். மனப்பாடம் ஆன பிறகு துளி பட்டாலும் போதும், ஒன்றிரண்டு நாள் கழித்துச் சொறி கிளம்பும். காலையில் பட்டது மறுநாள் மாலை கிளம்பினால் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? மருந்தைச் சொல்வோம், வெயிலைச் சொல்வோம், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைச் சொல்வோம்.

நான் காதுக்குப் பின்னால் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெயிலால் வரும் சொறி, வெயில் படாத இடத்தை விட்டுவிடும். தாடைக்குக் கீழே நிழல், காதுக்குப் பின்னால் நிழல், கண்ணிமையும் அப்படியே. காற்றில் வரும் தூசுக்கு நிழல் ஏது? அது மடிப்பில் போய்த்தான் உட்காரும். கண்ணிமைத் தோல் மெல்லியது, முதலில் அதுதான் வீங்கும். அப்பாவுக்கு இருப்பது அந்த மாதிரி என்று சந்தேகப்படுகிறேன். முடிவு சொல்ல வேண்டியது தோல் டாக்டர். முதுகில் ஒட்டுப் போட்டு 48 மணி நேரம் வைத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறது, அதற்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், அந்த கிரீம். பெயரைப் பாருங்கள். கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கிரீமைக் கண்ணிமையில் மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் காகிதம் போல மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். டாக்டர் சொன்ன நாள் கணக்குக்கு மேல் வேண்டாம்.

ஆட்டுக்காரர்மகன் (புதன், இரவு 10:20)

ஒரு தப்பு நடந்துவிட்டது. நேற்று ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஒரு செடிக்கா நாலு மாசம் பயந்தேன்” என்றார். இன்று நான் வேலைக்குப் போன பிறகு, பனியனோடு, வெறுங்கையால், பாதை ஓரம் முழுக்கப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்திவிட்டார். இப்போது முகம் பலூன் மாதிரி இருக்கிறது, மூச்சு விசிலடிக்கிறது.

பழைய_டிரஸ்ஸர் (புதன், இரவு 10:23)

மூச்சு விசிலடித்தால் இழையில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

வெளிக்காட்டு_அக்கா (புதன், இரவு 10:25)

போகும் முன் அவருடைய துணியை மாற்றிவிடு தம்பி. அந்த பனியனைத் தனியாகப் போடு, வீட்டுத் துணியோடு கலக்காதே. போய்விட்டு வந்து ஒரு வார்த்தை சொல்.

ஆட்டுக்காரர்மகன் (வியாழன், காலை 7:05)

விடியற்காலை நாலு மணிக்கு வந்தோம். ஆவி பிடிக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மூச்சு சரியாகிவிட்டது. தோல் டாக்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செடியின் ஒரு கிளையைச் சிப்லாக் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பணியில் இருந்த இளம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு “இதை இனி யாரும் திறக்க வேண்டாம்” என்றார். எல்லாருக்கும் நன்றி. அப்பா தூங்குகிறார்.

செம்பனைக்_கண்டக்டர் (வியாழன், மதியம் 1:30)

அப்பா தேறியது சந்தோஷம். தோட்டத்துக்காரன் என்று என்னை அடிக்க வர வேண்டாம், ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்.

முதிர்ந்த செம்பனைக்குக் கீழே இந்தச் செடி தலையெடுக்காது. நிழல் அதற்கு ஆகாது. அதற்குப் பிடித்தது புரட்டிப் போட்ட மண், நல்ல வெயில், போட்டிக்கு ஆளில்லாத இடம். மறுநடவில் நாம் அதைத்தானே செய்துகொடுக்கிறோம்? மரத்தைச் சாய்த்து, மண்ணை வழித்து, பாதை வெட்டி, வேற்றூரிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டுகிறோம். புல்டோசர் சங்கிலியில் ஒட்டிய சேற்றில் விதை வரும், லோரி டயரில் வரும். அதனால்தான் எப்போதும் ரோட்டு ஓரத்தில் ஆரம்பிக்கிறது. உள்ளபடி பார்த்தால் இது ஒரு பாதைச் செடி.

நல்ல தோட்டத்தில் மரம் சாய்த்த கையோடு மூடுபயிர் விதைப்போம். முக்குனா கொடி ஏறிவிட்டால் அடியில் வேறெதுவும் வெயிலைப் பார்க்காது. ஆனால் பாதை ஓரத்தில் கொடியை விட மாட்டோம், வண்டிச் சக்கரத்தில் சுற்றும். அந்த ஓரந்தான் இப்போது மியாங் வீடு. நான் சொல்வேன், பூக்குமுன் கிளைபோசேட் களைக்கொல்லி ஒரு சுற்று அடித்தால் தீர்ந்தது.

வெளிக்காட்டு_அக்கா (வியாழன், மாலை 4:10)

தீர்ந்ததா? எத்தனை “ஒரு சுற்று” பார்த்திருக்கிறேன். அடிக்கப் போவது யார், நீயா? வங்காளதேசத்துப் பையன் அடிப்பான், நாளைக்கு அவன் முகம் வீங்கும், அவனுக்கு இழையில் எழுதத் தமிழ் தெரியாது.

செம்பனைக்_கண்டக்டர் (வியாழன், மாலை 4:42)

அக்கா, நீங்கள் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. மருந்துக்காரருக்கு முகமூடி, கையுறை எல்லாம் தருகிறோம், ஆனால் அது மருந்துக்காக. புல் வெட்டும் மெஷின் வைத்து இந்தச் செடியைச் சீவுகிறவனுக்குக் கண்ணாடி மட்டுந்தான் தருகிறோம். மெஷின் செடியைப் பொடியாக்கி முகத்திலேயே வீசுகிறது. இதை நான் இதுவரை யோசிக்கவில்லை. நாளை பெரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது) பேசுகிறேன்.

தாவரவியல்_டீச்சர் (வியாழன், இரவு 8:30)

மருந்தா, பிடுங்குவதா என்ற சண்டையில் ஒரு கணக்கை மறந்துவிட்டோம். முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில் இது பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை போடும். விதை 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மண்ணுக்கடியில் போனது வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூத்த பிறகு மருந்தடித்தால் செடி சாகும், விதை சாகாது. அப்பா கொளுத்தினாரே, அதுவும் அப்படித்தான். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், அதோடு செடியின் பொருளும் புகையில் கலந்து மூச்சுக்குள் போனது.

நம் நாட்டுக்கு இது இன்னும் மோசம். மெக்சிகோவிலும் தமிழ்நாட்டிலும் வறண்ட மாதங்கள் இதைக் கொஞ்சம் அடக்கும். இங்கே மாதம் தவறாமல் மழை, ஒரு தலைமுறை சாகுமுன் அடுத்தது முளைத்துவிடும். வேரும் உதிர்ந்த இலையும் மண்ணில் விடுகிற சாறு மற்ற விதைகளை முளைக்க விடாது. புல் மெலிந்து கிடக்கிறது என்று ஆட்டுக்காரர் மகன் எழுதினாரே, அதுதான் காரணம். புல் மெலிந்தால் ஆடு இதைத் தின்னும். ஆடு நல்ல புல்லை ஒட்டக் கடித்து மண்ணைத் திறந்துவிட்டால் இதற்கு இன்னும் இடம்.

கரூர்_காட்டுக்காரன் (வியாழன், இரவு 9:18)

எங்க பக்கம் வண்டு விட்டார்கள். மெக்சிகோ வண்டு, 1984-ல் பெங்களூரில் முதலில் விட்டது. மழைக்காலத்தில் இலையை மொட்டை அடித்துவிடும், பார்க்கவே ஆசையாக இருக்கும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும், செடி அந்த நேரம் பார்த்துத் தழைக்கும். நடுவில் சூரியகாந்தியையும் தின்கிறது என்று ஒரு பெரிய ரகளை. அப்புறம் ஆவாரை, தகரை இரண்டையும் தரிசில் அடர்த்தியாக விதைத்தால் பார்த்தீனியம் பின்வாங்கும். வண்டைவிட அது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது என்பேன்.

தாவரவியல்_டீச்சர் (வியாழன், இரவு 9:40)

வண்டை யாரும் பெட்டியில் கொண்டுவந்துவிடாதீர்கள், கரூர் தம்பியைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். அது இலாகா பார்க்க வேண்டிய வேலை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக்கு இந்தச் செடி 1960-ல் அமெரிக்காவிலிருந்து வந்த புல் விதையோடு கலந்து வந்தது. மாட்டுக்கு நல்ல புல் போட வேண்டும் என்றுதான் வாங்கினார்கள். அவர்களும் பூச்சிகள் கொண்டுவந்து விட்டார்கள், ஆனால் ஒவ்வொன்றையும் வருஷக்கணக்கில் சோதித்த பிறகு.

ஆட்டுக்காரர் மகனுக்கு ஒரு கேள்வி. ஆட்டுப் புழுக்கையை என்ன செய்கிறீர்கள்?

ஆட்டுக்காரர்மகன் (வெள்ளி, இரவு 11:47)

டீச்சர், இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு நாள் ஆனது.

புழுக்கையைச் சாக்கில் கட்டி விற்கிறோம். சாக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்). இரண்டு தாமானுக்கு (குடியிருப்பு) போகும், கோயில் பூந்தோட்டத்துக்கு அப்பா சும்மா கொடுப்பார், தமிழ்ப்பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கும் கொடுத்தார். அதில் விதை போகும் என்று தெரியாது. கொட்டகையைக் கூட்டும்போது தரையில் கிடக்கும் சருகும் சேர்ந்துதான் சாக்குக்குள் போகும்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மா சொல்லிவிட்டார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பழைய கேலண்டரை எடுத்து, பின்பக்கத்தில் யார் யாருக்குச் சாக்குக் கொடுத்தார் என்று சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். 37 பெயர். கடனுக்கு வாங்கினவர்களைக்கூட மறக்கவில்லை.

செம்பனைக்_கண்டக்டர் (சனி, காலை 8:15)

அப்பா மேல் பழி போட வேண்டாம். அந்தச் செடியை அவர் வாசலுக்குக் கொண்டுவந்தது மண் லோரி. விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். இது கண்ட இடத்தைச் சொல்லுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்ட செடி, பயப்பட ஒன்றுமில்லை. அந்த 37 பெயரும் அவர்களுக்குத் தங்கம்.

ஆற்றோரத்_தாத்தா (சனி, காலை 9:00)

நான் ரெங்காஸ் என்று சொன்னேன், தப்பாகப் போயிற்று. இருந்தாலும் ஆற்றோரம் போனால் பார்த்துப் போங்கள்.

ஆட்டுக்காரர்மகன் (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:30)

இந்த இழையைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன்.

இலாகாவிலிருந்து வந்து பார்த்தார்கள், மியாங் மெக்சிகோவேதான். கொட்டகைப் பக்கம் அவர்களே கவனித்துக்கொண்டார்கள். தாமான் வீடுகளுக்கு நானும் மாமாவும் போனோம். மழை பெய்த மறுநாள் போனால் வேரோடு வருகிறது, காய்ந்த மண்ணில் தண்டு ஒடிந்து அடியிலிருந்து துளிர்க்கிறது. நீளக் கை சட்டை, முகமூடி, முழங்கைவரை ரப்பர் கையுறை. பிடுங்கினதைக் கறுப்புப் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, இலாகா சொன்னபடி ஒப்படைத்தோம். 37 வீட்டில் 9 வீட்டில் முளைத்திருந்தது. ஒரு அக்கா அதைப் பூச்சட்டியில் வைத்து அழகுக்கு வளர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப்பூ சாமிக்கு நல்லது என்றார்.

அப்பா கூடவே வந்தார். எங்களை விட்டுப் பத்தடி தள்ளி, காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டு தடியால் காட்டுவார். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் வாங்கவில்லை, ஆனாலும் மேசையில் வைத்துவிட்டு வந்தார். ஆட்டை இப்போது வெளியே விடுவதில்லை, நேப்பியர் புல் வெட்டிப் போடுகிறோம். பத்து நாளில் பால் கசப்பு போய்விட்டது. பாட்டி மறுபடியும் வாங்குகிறார்.

ஒட்டுச் சோதனையில் பார்த்தீனியம் இடம் நன்றாகச் சிவந்து தடித்தது. முகம் முக்கால்வாசி ஆறிவிட்டது. ஆனால் போன வெள்ளி கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு வந்தார், மறுநாள் கழுத்தில் மறுபடி அரிப்பு. கோயில் பூந்தோட்டத்துச் செடியைத்தான் பிடுங்கிவிட்டோமே என்று குழப்பமாக இருக்கிறது.

பழைய_டிரஸ்ஸர் (ஞாயிறு, இரவு 9:05)

என்ன மாலை? செவ்வந்தியா?

ஆட்டுக்காரர்மகன் (ஞாயிறு, இரவு 9:07)

ஆமாம் ஐயா. மஞ்சள் செவ்வந்தி.

பழைய_டிரஸ்ஸர் (ஞாயிறு, இரவு 9:22)

செவ்வந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றை எதிரி என்று மனப்பாடம் செய்த உடம்பு, அதன் பங்காளியையும் அடிக்கும். எல்லாருக்கும் அப்படி ஆகாது, சிலருக்கு ஆகும். அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை மல்லிகை மாலை போட்டுக்கொள்ளட்டும், ரோஜாவும் பரவாயில்லை. அப்பாவின் காவல் அணுக்கள் இதை மறக்காது, சொறி ஆறினாலும் நினைவு இருக்கும். தள்ளி நிற்கிறாரே, அந்தப் பத்தடிதான் அவருக்கு மருந்து.

மூலிகைப்_பித்தன் (ஞாயிறு, இரவு 9:40)

நான் அன்றைக்குச் சொன்ன எண்ணெயை யாரும் பூசவில்லையே?

ஆட்டுக்காரர்மகன் (ஞாயிறு, இரவு 9:44)

இல்லை அண்ணே. அம்மா காய்ச்சத் தயாராக இருந்தார், டிரஸ்ஸர் ஐயா காப்பாற்றினார்.

ஒரு உதவி வேண்டும். கோயில் பூந்தோட்டத்தில் இரண்டு தடவை பிடுங்கியும் நேற்று மழைக்குப் பிறகு மறுபடி கன்று முளைத்திருக்கிறது. அப்பா வேலிக்கு வெளியே நின்று எண்ணினார், 140க்கு மேல். விட்டுவைத்தால் மறுபடி பூத்துவிடும். பத்தாங் காலி, செரெண்டா, கோலக்குபு பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வர முடியுமா? ஆஸ்துமா, சொறி உள்ளவர்கள் வேண்டாம்.

செம்பனைக்_கண்டக்டர் (ஞாயிறு, இரவு 10:02)

நான் வருகிறேன். புல்வெட்டுப் பையன்கள் மூன்று பேரும் வருகிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு இப்போது முகமூடி, நீளக் கையுறை இரண்டும் கொடுத்தாயிற்று.

வெளிக்காட்டு_அக்கா (ஞாயிறு, இரவு 10:10)

பிடுங்க என் முதுகு வளையாது. பசியாறல் நான் கொண்டுவருகிறேன், இட்லி. எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவாதவனுக்குத் தட்டு கிடையாது.